‘மாஃபியா 3’ ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016-இல் வெளியான ‘மாஃபியா 3’ வீடியோ விளையாட்டை எங்கள் வியாசர்பாடித் தம்பிகள் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறது என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் கதை நடக்கும் 1968-ஆம் ஆண்டைப் பொருட்படுத்தாமல், வரைபடத்தில் ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு வண்டியை விரட்டினால் சலிப்புதான் மிஞ்சும்.

மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட ஆண்டு அது; வியட்நாம் போரும் நடந்துகொண்டிருந்தது. அந்தப் போரிலிருந்து திரும்பிய கறுப்பின இளைஞன் லிங்கன் கிளே, தன்னை வளர்த்தவர்களைக் கொன்ற சால் மர்கானோவைப் பழிவாங்கப் புறப்படுகிறான். ஊரின் பெயர் நியூ போர்டோ. நியூ ஆர்லியன்ஸை மாதிரியாகக் கொண்ட கற்பனை நகரம்.

எல்லாப் பேட்டைகளிலும் ஒரே மாதிரி சண்டையிடுவதுதான் நான் பார்த்ததில் பெரிய தவறு. வசதியான வெள்ளையர்கள் வாழும் ஃபிரிஸ்கோ ஃபீல்ட்ஸில் சிறு குற்றம் நடந்தாலும் போலீஸ் விரைந்து வரும்; கறுப்பின மக்கள் வாழும் டெல்ரே ஹாலோவிலோ தாமதமாகவே வரும். கறுப்பினத்தவரை அனுமதிக்காத கடைக்குள் லிங்கன் நுழைந்து நின்றாலே போலீஸுக்குத் தகவல் போய்விடும். இதைக் கவனிக்காமல் மாட்டிக்கொள்பவர்கள், ஆட்டம் அநியாயமாக இருக்கிறது என்று கோபப்படுகிறார்கள். அநியாயம்தான்; அதை விளையாடுபவர் உணர வேண்டும் என்றுதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். வேலை கேட்டுப் போன இடத்தில் முகவரியைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்த்த வடசென்னைக்காரருக்கு இது எளிதில் புரியும்.

கைப்பற்றும் பகுதிகளை லிங்கனின் கூட்டாளிகளான கசாண்ட்ரா, பர்க், விட்டோ ஆகிய மூவருக்கும் பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒருவரைத் தொடர்ந்து ஒதுக்கினால் அவர் பகையாளியாவார். அவரைக் கொல்ல வேண்டிய நிலையும் வரும்.

பணத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். இறந்தால் கையிருப்பில் பாதி போய்விடும். லிங்கனின் ஆளை வரவழைத்துப் பணத்தைக் கொடுத்துப் பத்திரப்படுத்த ஒரு நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்று, இது வயது வந்தோருக்கான விளையாட்டு. அந்தக் காலத்து இனவெறி வசைகள் மறைக்கப்படாமல் வருகின்றன. ஒரே அறையில் குடும்பமே படுத்துறங்கும் நம் வீடுகளில் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு ஆடுவது சரியல்ல. பிள்ளைகள் தூங்கிய பிறகு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையை மற்றவர்கள் கண்ணில் படாதபடி திருப்பி வைத்து ஆடுங்கள்.