ஷெல்டர்ட் ஹவுசிங்கில அம்மா அப்பாவை இருத்திற ஆக்கள் வழக்கமா விடுற பிழையள்

லண்டனில எங்கட ஆக்களுக்கு வயசு போகப்போக இந்த ஷெல்டர்ட் ஹவுசிங் கதை இப்ப கனக்க வீடுகளில வருது. அம்மா தனிய இருக்கிறா, படி ஏற ஏலாது, பிள்ளையளின்ர வீட்டில றூம் இல்லை, கவுன்சிலில பதிஞ்சு வைச்சு கடைசியா ஒரு ஃபிளற் கிடைச்சா குடும்பத்துக்கே பெரிய நிம்மதி. அந்த நிம்மதியிலதான் முதல் பிழையும் நடக்குது. "அங்க வோர்டன் இருக்கிறா, அவை பாப்பினம்" எண்டு நினைச்சு விட்டிடுறது.

ஷெல்டர்ட் ஹவுசிங் எண்டது கெயார் ஹோம் இல்லை. அது ஒரு வாடகை வீடு, தனிக் கதவு, தனிக் குசினி, அதோட ஒரு அலாம், பொதுவா இருந்து கதைக்க ஒரு லவுஞ்ச், உடுப்புத் தோய்க்க ஒரு இடம், ஒரு ஸ்கீம் மனேஜர் (ஸ்கீம் எண்டா அந்தக் கட்டடம், முந்தி வோர்டன் எண்டு சொன்ன ஆள்தான் இந்த மனேஜர்), அவ்வளவுதான். பெரும்பாலும் 60 வயசுக்கு மேல, சில இடங்களில 55. குளிக்க வாக்கிறது, குளிசை எடுத்துக் குடுக்கிறது, சமைக்கிறது ஒண்டும் அந்த மனேஜரின்ர வேலை இல்லை, கேட்டாலும் செய்யமாட்டா, செய்யவும் ஏலாது. அந்தமாதிரி உதவி அந்தக் கட்டடத்துக்குள்ளயே வேணுமெண்டா அதுக்கு எக்ஸ்ட்ரா கெயார் எண்டு வேற வகை இருக்கு. கெயார் ஹோம்களைப் போய்ப் பாக்கிற சீக்யூசி (CQC) எண்ட சோதனை அமைப்பு சாதாரண ஷெல்டர்ட் ஸ்கீமின்ர சப்போர்ட்டைச் சோதிக்கிறதில்லை, உடம்பு தொட்டுச் செய்யிற பராமரிப்பு இருந்தாத்தான் அவை வருவினம். அதால "கவர்ன்மென்ட் செக் பண்ணுமெல்லோ" எண்டும் இருக்கேலாது. (நான் இதில எழுதுறது எல்லாம் இங்கிலாந்துக்கு, ஸ்கொட்லாந்து வேல்ஸில சட்டம் வேற.)

முந்தி நிலைமை வேற. வோர்டன் அதே கட்டடத்தில குடியிருப்பா, இரவு ரெண்டு மணிக்கு அலாம் கயிறை இழுத்தா அவவே இறங்கி வருவா. 2003 ஏப்ரலில சப்போர்ட்டிங் பீப்பிள் எண்ட திட்டம் வந்து வாடகையை வேறயாவும் சப்போர்ட் காசை வேறயாவும் பிரிச்சினம். 2009இல அந்தக் காசு இதுக்கு மட்டும்தான் எண்ட கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டினம், பிறகென்ன, கவுன்சிலுகள் வெட்டத் தொடங்கியிட்டுது. பார்னெற்றிலயும் போர்ட்ஸ்மத்திலயும் குடியிருந்த வயசான ஆக்களே ஹைகோர்ட்டுக்குப் போய், 2009 டிசம்பரில வெண்டும் காட்டினவை. வோர்டனை எடுத்தா உடம்பு ஏலாத ஆக்களுக்கு என்ன நடக்கும் எண்டு கவுன்சில் வடிவா யோசிக்கேல்லை எண்டதுதான் தீர்ப்பு. ஆனா நாடு முழுக்க வெட்டு நிக்கேல்லை. இப்ப கனக்க இடங்களில மனேஜர் கிழமை நாளில ஒஃபிஸ் நேரத்தில மட்டும்தான், அதுவும் ஒரு ஆளே ரெண்டு மூண்டு ஸ்கீமைப் பாக்கிறா. இரவிலயும் சனி ஞாயிறிலயும் கயிறை இழுத்தா எங்கயோ ஒரு கோல் சென்ரரில இருந்துதான் குரல் வரும்.

ஆகவே வீடு பாக்கப் போற நேரம் அவை கூப்பிடுற நாளில மட்டும் போய் தேத்தண்ணி குடிச்சிட்டு வாறது காணாது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒருக்கா போய் லவுஞ்சில ஆர் இருக்கினம் எண்டு பாருங்கோ, அங்க இருக்கிற ரெண்டு மூண்டு பேரோட கதையுங்கோ. மனேஜர் கிழமையில எத்தினை மணித்தியாலம் நிப்பா, அவ லீவில போனா ஆர் வருவினம், அலாம் அடிச்சா ஆள் அனுப்புவினமா இல்லை பிள்ளைக்குப் போன் மட்டும்தானா. இந்தக் கேள்வியளுக்கு வாயால சொல்லுற பதிலை நம்பாமல் எழுத்தில கேளுங்கோ. கடைசிக் கேள்விதான் முக்கியம், ஏனெண்டா கன இடங்களில ஆள் அனுப்புற சேவையே இல்லை, உங்களுக்கு அடிப்பினம், நீங்கள் எடுக்காட்டி அம்புலன்ஸுக்கு அடிப்பினம்.

இனி அந்தக் கயிறு. பாத்றூமில, படுக்கிற றூமில, ஹோலில சிவப்புக் கயிறு தொங்கும், கிட்டத்தட்ட நிலத்தைத் தொடுற அளவுக்கு. அது அப்பிடித் தொங்கிறதுக்குக் காரணமே விழுந்து கிடக்கிற ஆளுக்குக் கை எட்டவேணும் எண்டதுதான். எங்கட வீடுகளில என்ன நடக்குது எண்டா, கூட்டேக்க இடைஞ்சலா இருக்கு, பேரப்பிள்ளை பிடிச்சு இழுத்து அலாம் அடிச்சுப்போட்டுது, அந்தக் கோல் சென்ரர் பிள்ளை இங்கிலிஷில ஏதோ கேட்டு அம்மா பதறிப்போனா எண்டு சொல்லி, அந்தக் கயிறைச் சுருட்டி முடிச்சுப்போட்டு துவாய் கொழுவிற கம்பியில கட்டிவிட்டிருப்பினம். எங்கட ஆக்கள் மட்டுமில்லை, எல்லாரும் செய்யிற பிழைதான் இது. முழங்கால் உயரத்தில முடிச்சுப்போட்ட கயிறு, இடுப்பெலும்பு உடைஞ்சு நிலத்தில கிடக்கிறவவுக்கு இல்லாத கயிறுதான். நிலத்தில ஒரு மணித்தியாலத்துக்கு மேல கிடந்தாலே வயசான உடம்புக்குப் பெரிய ஆபத்து, உடம்பு குளிர்ந்துபோகும், தண்ணித்தன்மை இல்லாமப் போகும், அழுத்துற இடத்தில புண் வரும், தசை சிதைஞ்சு சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும். அடுத்தமுறை போகேக்க குனிஞ்சு பாருங்கோ, கட்டியிருந்தா அவிட்டுவிடுங்கோ, இடைஞ்சல் எண்டா கழுத்தில போடுற அலாம் பட்டன், பென்டன்ற் எண்டுவினம், அதைக் கேளுங்கோ. அந்தப் பென்டன்றையும் லாச்சியில வைக்கிறேல்லை, தண்ணி படலாமோ எண்டு கேட்டு, படலாமெண்டா குளிக்கேக்கயும் போட்டிருக்க வேணும். தாலிக்கொடியோட சேந்து சிக்குது எண்டா மணிக்கட்டில கட்டுற பட்டி இருக்கு.

மாசத்தில ஒருக்கா இழுத்துப் பாக்கிறதும் நல்லது. இழுத்திட்டு "டெஸ்ற் பண்ணுறன்" எண்டு சொன்னாக் காணும், ஆரும் ஏசமாட்டினம். அந்தச் சாட்டோட அவையின்ர கொம்பியூட்டரில அம்மான்ர விபரம் என்னவா இருக்கு எண்டு கேட்டுப் பாருங்கோ. பழைய போன் நம்பர், வேலை மாறின மகன்ர நம்பர், செத்துப்போன அப்பான்ர பேர் எல்லாம் அப்பிடியே கிடக்கும். தமிழ்தான் கதைப்பா, இடது காது கேக்காது, இரத்தம் ஐதாக்கிற குளிசை எடுக்கிறா எண்ட விசயமெல்லாம் அதில இருக்கவேணும். இன்னொண்டு, பாதுகாப்பு எண்டு சொல்லிக் கதவுக்கு உள்பக்கம் கொண்டி, சங்கிலி பூட்டிவிடுறவை இருக்கினம். வெளியில திறப்புப்பெட்டி இருந்தும் உள்ளுக்குக் கொண்டி போட்டிருந்தா அம்புலன்ஸ்காரர் கதவை உடைக்கத்தான் வேணும்.

எனக்கு உண்மையா மனவருத்தம் தாறது காலமைக் கோல். சில ஸ்கீமில காலமையில இன்ரர்கொம்மில மனேஜர் கேப்பா, "குட் மோர்னிங், ஆர் யூ ஓகே?" எங்கட அம்மாமார் என்ன சொல்லுவினம்? "ஓகே, ஓகே, தாங் யூ." காய்ச்சலெண்டாலும் ஓகே, இரவு முழுக்க நித்திரை இல்லையெண்டாலும் ஓகே, ஹீற்றர் வேலை செய்யாட்டிலும் ஓகே. மனேஜர் புத்தகத்தில நல்லா இருக்கிறா எண்டு எழுதிட்டுப் போவா, பிழை அவவிலயும் இல்லை. இப்பிடி ஒரு சேவை நடக்குது, காசும் கட்டுப்படுது, பலன் ஒண்டும் இல்லை. இதுக்குச் செய்யக்கூடியது என்னெண்டா, சப்போர்ட் பிளான் (அம்மாவுக்கு என்ன உதவி எண்டு எழுதி வைக்கிற தாள்) எழுதேக்க "குரலில கேட்டாக் காணாது, கிழமையில ரெண்டுதரம் நேரில வந்து முகத்தைப் பாக்கவேணும்" எண்டு எழுதச் சொல்லுறது. பிளானை மாத்திறதுக்கு இன்ரப்ரிற்றர் கேளுங்கோ. பிள்ளையள் நாங்களே மொழிபெயர்ப்பம் எண்டு நிக்கிறது நல்ல மனசுதான், ஆனா மூத்திரம் போறது தெரியேல்லை எண்டோ, மகன் பென்ஷன் காட்டை வைச்சிருக்கிறான் எண்டோ எந்தத் தாய் மகனை வைச்சுக்கொண்டு சொல்லுவா? ஒரு தரமாவது பிள்ளையள் இல்லாமல் வெளி ஆளோட தமிழில கதைக்க விடுங்கோ.

குசினிப் பக்கமும் ஒரு விசயம். இந்த ஃபிளற்றுகளில புகை அலாம் நேரா கோல் சென்ரரோட தொடுத்திருக்கும். செத்தல் மிளகாய் தாளிச்சா அலாம் அடிக்கும், சாமிக்குச் சாம்பிராணி போட்டாலும் அடிக்கும், முழுக் கட்டடமும் எழும்பி வரும், பக்கத்துவீட்டு ஆக்கள் முறைப்பினம், அம்மாவுக்கு வெக்கமாப் போயிடும். பிறகு ஒரு நாள் பாத்தா அந்த அலாமைப் பொலித்தீன் பையால மூடி லாஸ்ரிக் போட்டிருக்கும். இது உயிர் போற பிழை. இல்லாட்டி அம்மா தாளிக்கிறதையே விட்டிட்டு பாணும் சூப்பும் சாப்பிட்டு மெலிஞ்சு போவா, அதுவும் சரியில்லை. குசினிக்குள்ள புகைக்குப் பதிலா சூட்டுக்கு அடிக்கிற ஹீற் டிடெக்டர் பூட்டலாம், எக்ஸ்ராக்டர் ஃபானைத் திருத்தலாம், வீட்டுக்காரரிட்ட எழுதிக் கேளுங்கோ. சாமித்தட்டில பற்றறி விளக்கு வையுங்கோ, அம்மன் கோவிக்கமாட்டா.

காசு விசயம். பில்லில மூண்டு பங்கு இருக்கும்: வாடகை, சேர்விஸ் சார்ஜ், சப்போர்ட் சார்ஜ். ஹவுசிங் பெனிபிற் வாடகையையும், பொது இடம் துப்புரவு, லிஃப்ற், பொது லைற் மாதிரிச் சேர்விஸ் சார்ஜையும் எடுக்கும், ஆனா சப்போர்ட்டுக்கும் அவசர அலாமுக்கும் வீட்டுக்குள்ள வாற ஹீற்றிங்குக்கும் தராது. இதைக் கேக்காமல் போய் கிழமைக் கிழமை கையால கட்டேக்கதான் தெரியவரும். சில பேர் அந்த அஞ்சாறு பவுணை மிச்சம் பிடிக்க அலாமை வேண்டாமெண்டு எழுதிக் குடுக்கினம், அது முழுப் பிழை. அதுக்குப் பதிலா அட்டென்டன்ஸ் அலவன்ஸ் எண்ட அரசாங்க உதவிக்காசுக்குப் போடுங்கோ. சேமிப்பு, வருமானம் ஒண்டும் பாக்கமாட்டினம், பென்ஷன் வயசு வந்து ஆறு மாசமா உதவி தேவைப்பட்டாப் போதும், அந்த உதவியை இப்ப மகள் சும்மா செய்தாலும் சரி. 2025-26இல கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண். ஃபோர்ம் நிரப்பேக்க "சமாளிக்கிறா" எண்டு எழுதாதேங்கோ, ஏலாத நாளில என்ன நடக்குது எண்டு எழுதுங்கோ. அது கிடைச்சா பென்ஷன் கிரெடிற்றும் கூட வாய்ப்பிருக்கு. ஆனா அம்மாவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவை கவனம், நாங்களே பாப்பம் எண்டு நீங்கள் கையெழுத்து வைச்ச அந்த அஞ்சு வருசத்துக்குள்ள இதுகளைத் தொடமுதல் இமிக்கிரேஷன் தெரிஞ்ச ஆளைக் கேளுங்கோ.

குளிக்க, உடுக்க, எழும்பி இருக்க உதவி வேணுமெண்டு வந்தா மனேஜரோட சண்டை பிடிச்சுப் பிரயோசனம் இல்லை. கவுன்சிலின்ர அடல்ற் சோசல் கெயாருக்குப் போன் பண்ணி கெயார் அசெஸ்மென்ட் கேளுங்கோ. 2014 கெயார் சட்டப்படி தேவை இருக்கிறமாதிரித் தெரிஞ்சாலே அதைச் செய்யத்தான் வேணும், காசு இருக்கிறவைக்கும் செய்யவேணும், அதுக்குக் காசும் இல்லை. கைபிடிக் கம்பி, ரொயிலெற் உயர்த்திற இருக்கை மாதிரிச் சாமானும் 1,000 பவுணுக்குள்ள வாற சின்னத் திருத்தங்களும் தேவையெண்டு கண்டா இலவசம். பாக்கிற பிள்ளைக்கும் தனியா ஒரு அசெஸ்மென்ட் இருக்கு, அதை எங்கட ஆக்கள் கேக்கிறதே இல்லை. ஹொஸ்பிட்டலில இருந்து விடேக்க "ஷெல்டர்டில இருக்கிறா" எண்டு சொன்னவுடன அங்க நேர்ஸ் இருக்கிறமாதிரி நினைச்சு அனுப்பிவிடுவினம். அந்த இடத்திலயே "அங்க பராமரிப்பு இல்லை, அவ தனிய" எண்டு தெளிவாச் சொல்லி, ஆறு கிழமை வரைக்கும் இலவசமாத் தாற ரீஏபிள்மென்ட் (திரும்பத் தன்ர அலுவலைத் தானே பாக்கப் பழக்கிற உதவி) கேளுங்கோ. வீட்டுக்கு வந்த பிறகு கேக்கிறது பெரிய ஆய்க்கினை.

போன் லைன் மாறுற கதையும் கேள்விப்பட்டிருப்பியள். 2027 ஜனவரியோட பழைய செப்புக்கம்பி லைன் நிக்குது, எல்லாம் இன்ரர்நெற்றுக்கு மாறுது. கட்டடத்தின்ர அலாமை வீட்டுக்காரர் மாத்தவேணும், அதை எப்ப மாத்துகினம் எண்டு கேளுங்கோ. அம்மான்ர சொந்த லைனில பென்டன்ற் பெட்டி தொடுத்திருந்தா, போன் கொம்பனிக்கு "இங்க அலாம் இருக்கு" எண்டு நீங்கள்தான் சொல்லவேணும், மலிவான புது பக்கேஜுக்கு அவசரப்பட்டு மாத்தாதேங்கோ. கரண்ட் போனா றவுட்டரும் நிண்டிடும். லான்ட்லைனைத்தான் நம்பியிருக்கிற ஆக்களுக்கு ஆகக்குறைஞ்சது ஒரு மணித்தியாலம் அவசரக் கோல் எடுக்கிறதுக்கு வழி குடுக்கவேண்டியது கொம்பனியின்ர கடமை, கேட்டு வாங்கோணும்.

கடைசியா, முறைப்பாடு. "பாவம் அந்தப் பிள்ளை நல்லவ, ஏன் கரைச்சல்" எண்டு எங்கட ஆக்கள் வாயைத் திறக்கிறேல்லை, இல்லாட்டி லவுஞ்சில நிண்டு கத்திப்போட்டு வந்திடுவினம். ரெண்டும் கணக்கில வராது. கவுன்சில், ஹவுசிங் அசோசியேஷன் வீடெண்டா ஈமெயிலில "இது ஃபோர்மல் கொம்ப்ளெயின்ற்" எண்டு எழுதி, திகதியையும் நேரத்தையும் போட்டு என்ன நடக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. 2024 ஏப்ரல் 1இல இருந்து முறை சட்டமாக் கிடக்குது: அஞ்சு வேலைநாளுக்குள்ள கிடைச்சது எண்டு சொல்லவேணும், அதிலயிருந்து பத்து வேலைநாளுக்குள்ள பதில், பதில் சரியில்லாட்டி ரெண்டாம் படி, அதுக்கு இருபது வேலைநாள். அதுவும் சரிவராட்டி வீட்டு முறைப்பாட்டை வெளியில இருந்து விசாரிக்கிற ஹவுசிங் ஒம்புட்ஸ்மன், காசில்லை, லோயரும் தேவையில்லை. பராமரிப்பைப் பற்றினதெண்டா லோக்கல் கவர்ன்மென்ட் அன்ட் சோசல் கெயார் ஒம்புட்ஸ்மன், அது வேற ஒஃபிஸ், மாத்தி அனுப்பி மாசக்கணக்கில நாளைக் கடத்தாதேங்கோ. அம்மான்ர சார்பில நீங்கள் கதைக்கலாம் எண்டு அவ கையெழுத்து வைச்ச ஒரு கடிதத்தை முதல் ஈமெயிலோடயே சேத்து அனுப்புங்கோ, இல்லாட்டி தனிப்பட்ட விபரம் தரேலாது எண்டு அதிலயே நிப்பாட்டி வைச்சிடுவினம்.