பிரேக்கப்புக்குப் பிறகு வரும் முதல் சில வாரங்களை எப்படிக் கடப்பது

பிரிந்த உடனே எல்லோரும் சொல்வது "மறந்துடு" என்பதுதான். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது யாராலும் முடியாத காரியம், மறக்க வேண்டும் என்று நினைக்கும்போதே அவரைத்தானே நினைக்கிறோம். அதனால் மறக்கிற வேலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது தன்னால் நடக்கும், நாள் பிடிக்கும். அதுவரை புண்ணைச் சுரண்டாமல் இருப்பதுதான் உங்கள் வேலை, அதுவே பெரிய கஷ்டம்.

ஏன் இப்படி வலிக்கிறது, நமக்குத்தான் மனத்திடம் இல்லையா என்று தோன்றும். அப்படி இல்லை. காதலித்தவர் விலகிப்போய், இன்னும் அவரை விட முடியாமல் தவித்த 15 பேருக்கு, மூளை ஸ்கேன் எடுத்தபடியே அவருடைய படத்தைக் காட்டி காதலை ஆராய்ந்த மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷரின் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள், 2010-இல் வெளியானது. அப்போது தூண்டப்பட்ட பகுதிகளில் சில, கொக்கெய்னுக்கு ஏங்கும்போது தூண்டப்படும் அதே பகுதிகள். ஒரு பழக்கத்தை விடும்போது உடம்பு அதைக் கேட்டு நச்சரிக்குமே, அது மாதிரிதான் இதுவும். நள்ளிரவில் அவருடைய லாஸ்ட் சீன் பார்க்கக் கை தானாகப் போவதை இப்படிப் புரிந்துகொண்டால் உங்கள் மேல் உங்களுக்கே வரும் கோபம் கொஞ்சம் குறையும்.

எனவே முதலில் போனைக் கையில் எடுங்கள். பிளாக் செய்வது மரியாதைக் குறைவு என்று தயங்குகிறீர்களா, சரி, மியூட் செய்யுங்கள், ஸ்டேட்டஸ் தெரியாமல் மறையுங்கள், சாட்டை ஆர்கைவில் போடுங்கள். ஆனால் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கிறவர் என்றால் மியூட் போதாது, பிளாக்தான் சரி, அதைக் கோபத்தில் செய்கிற காரியமாக நினைக்க வேண்டாம். அவருடைய நண்பர்களின் கணக்குகளையும் விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அந்த வழியாகத்தான் படங்கள் வந்து சேரும். புகைப்படங்களை அழிக்கச் சொல்ல மாட்டேன், பின்னால் வருந்துவீர்கள். எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போனிலிருந்து மட்டும் நீக்குங்கள். "சில வருடங்களுக்கு முன் இதே நாளில்" என்று செயலிகள் தாமாகவே படம் காட்டுமே, அதையும் அமைப்புகளில் போய் நிறுத்திவையுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற ஒரு காலையைக் கெடுக்க அந்த ஒரு படம் போதும்.

குழந்தை, சேர்ந்து வாங்கிய கடன், ஒரே அலுவலகம் என்று பேசியே ஆக வேண்டிய நிலை சிலருக்கு இருக்கும். அப்போது விஷயத்தை மட்டும், எழுத்தில், பகலில் பேசுங்கள். இரவில் எந்தப் பதிலும் அனுப்ப வேண்டாம்.

"கடைசியாக ஒரே ஒரு முறை பேசி, ஏன் என்று மட்டும் தெரிந்துகொண்டால் நிம்மதி" என்ற எண்ணம் கண்டிப்பாக வரும். எனக்கும் வந்தது. போய்ப் பேசினேன், பதிலும் கிடைத்தது, வீடு திரும்புவதற்குள் அந்தப் பதிலிலிருந்தே புதிதாக மூன்று கேள்விகள் முளைத்துவிட்டன. வேண்டாம் என்று ஒருவர் சொன்னதற்கு மேல் நமக்கு உதவுகிற காரணம் எதுவும் அவரிடம் இருப்பதில்லை, அதை ஏற்றுக்கொள்ள எனக்கே பல மாதங்கள் ஆயின.

மனதில் இருப்பதை எல்லாம் எழுதித் தீர்க்கச் சொல்வார்கள். பலருக்கு அது உதவும், எல்லோருக்கும் இல்லை. மணமுறிவுக்குப் பிறகு உணர்வுகளை எழுதச் சொல்லிப் பார்த்த ஓர் ஆய்வில், ஏற்கனவே "ஏன், ஏன்" என்று துருவிக்கொண்டிருந்தவர்கள், அன்றாடம் செய்ததை மட்டும் எழுதியபோதுதான் நன்றாகத் தேறினார்கள். நீங்களும் அந்த ரகம் என்றால் எழுந்தது, சமைத்தது, போய் வந்தது என்று நாளை மட்டும் எழுதுங்கள். எதை எழுதினாலும் நோட்டில் எழுதுங்கள், சாட் பெட்டியில் தட்டச்சு செய்தால் அனுப்புகிற பொத்தான் பக்கத்திலேயே இருக்கிறது.

அவருடைய குறைகளைப் பட்டியல் போடுவது இன்னொரு வழி. இதையும் 24 பேரை வைத்துச் சோதித்திருக்கிறார்கள், 2018-இல் வெளியானது: குறைகளை நினைத்தபோது காதல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் மனநிலை மோசமானது. சம்பந்தமே இல்லாத வேறு நல்ல விஷயத்தில் மனதைத் திருப்பியபோது காதல் குறையவில்லை, மனம் லேசானது. ஆகவே அவர் திரும்ப வந்தால் போதும் என்று உருகும்போது மட்டும் அந்தப் பட்டியலை எடுங்கள், ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அப்புறம் எழுந்து நடக்கப் போங்கள், நாள் முழுக்க அதிலேயே உட்கார வேண்டாம்.

சாப்பாடு, குளியல், ஒரே நேரத்தில் படுப்பது, இவற்றை விருப்பம் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். குடித்து மறக்கப் பார்க்காதீர்கள், தூக்கமும் கெடும், பிளாக்கை எடுப்பதும் அப்போதுதான்.

நண்பர்களில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து நேராகவே சொல்லுங்கள்: "எனக்கு அறிவுரை வேண்டாம், அவருக்கு மெசேஜ் அனுப்பத் தோன்றும்போதெல்லாம் உனக்கு அனுப்புவேன், படித்தால் போதும்." பெரும்பாலானவர்கள் மனமார ஒத்துக்கொள்வார்கள்.

நெஞ்சு வலித்தால் காதல் துக்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள். கடும் மன அதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாகப் பலவீனமாகும் நோய் உண்மையிலேயே உண்டு, டகோட்சுபோ என்று பெயர், மாரடைப்பு போலவே இருக்கும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அதேபோல, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், சாக வேண்டும் என்று தோன்றினால், தனியாக இருக்காதீர்கள். இன்றைக்கே, இப்போதே பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள், உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ மருத்துவரையோ கூப்பிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் தூக்கமும் வேலையும் சரியாகாமல் இருந்தாலும் மனநல ஆலோசகரைப் பார்க்கலாம், அதற்கு நிலைமை முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இத்தனையும் செய்துவிட்டு ஒரு நாள் தவறிப்போய் அவருடைய பக்கத்தைப் பார்த்துவிடுவீர்கள். பரவாயில்லை, மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டியதில்லை. போனைக் கவிழ்த்து வையுங்கள், முகம் கழுவுங்கள், அந்த நண்பருக்கு "பார்த்துவிட்டேன்" என்று ஒரு வரி அனுப்புங்கள்.