கோடை வெயிலில் தோலையும் தலைமுடியையும் பேணுவது எப்படி?

கோடையில் தோலுக்கு வரும் எல்லாத் தொல்லைகளுக்கும் வெயில்தான் காரணம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் முகம் கறுப்பதற்கும், கழுத்தில் வேர்க்குரு கிளம்புவதற்கும், தொடை இடுக்கில் படர்தாமரை பரவுவதற்கும் காரணங்கள் வெவ்வேறு. முதலாவது ஒளியால் வருவது. இரண்டாவது வியர்வை வெளியேற வழியின்றி அடைபடுவதால் வருவது. மூன்றாவது ஈரத்தில் செழிக்கும் பூஞ்சையால் வருவது. ஒன்றுக்கு உரிய மருந்தை மற்றொன்றுக்குப் பூசினால் பயன் இல்லாமல் போவதோடு, பல வேளைகளில் தொல்லை முன்பைவிடப் பெரிதாகிறது. ஆகவே எந்தப் பொருளை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், தோலில் தெரிவது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதே முதல் வேலை.

ஒளியிலிருந்து காப்பு

வெயிலில் நிற்கும்போது உடலில் சூடாக உறைப்பது, தோலைக் கறுக்க வைக்கும் புற ஊதாக் (யூவி) கதிர் அன்று. அந்தக் கதிரை நம் தோலால் உணரவே முடியாது. அதனால்தான் காற்று சில்லென்று வீசும் நாளிலும், மெல்லிய மேகம் மூடிய நாளிலும், வெப்பம் தெரியாமலே தோல் கறுத்துவிடுகிறது. இக்கதிர்களில் நம்மை எட்டுபவை இரண்டு வகை. யூவி-பி என்பது தோலின் மேலடுக்கைச் சுட்டுச் சிவக்க வைப்பது. யூவி-ஏ என்பது இன்னும் ஆழமாக இறங்கி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜனைச் சிதைத்து, சுருக்கத்தையும் கரும்புள்ளிகளையும் விரைவுபடுத்துவது. சாதாரணக் கண்ணாடி முதல் வகையைப் பெரும்பாலும் நிறுத்திவிடும், இரண்டாம் வகையைக் கணிசமாக உள்ளே விட்டுவிடும். ஆகவே நாள் முழுவதும் சன்னலோரத்தில் அமர்ந்து வேலை செய்பவர்களும், கார் ஓட்டுபவர்களும் தங்களை வெயில் படாதவர்கள் என்று கருதிக்கொள்ள இயலாது.

காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கதிரின் வீச்சு மிகுதி. கடிகாரம் பார்க்க முடியாத இடத்தில், தரையில் விழும் உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது வெளியில் அலைய ஏற்ற நேரம் அன்று. வானிலைச் செயலிகளில் காட்டப்படும் புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தாலே பாதுகாப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை; 8-ஐத் தாண்டினால் வெளி வேலைகளைத் தள்ளிப்போடுவது நல்லது.

கிரீம்களைவிட உடைக்கே நான் முதலிடம் தருவேன். ஆடை வியர்வையில் கரையாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டியதும் இல்லை. ஆனால் எல்லாத் துணியும் ஒன்றுபோல் காப்பதில்லை. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நெசவின் இடைவெளியில் ஒளி தெளிவாகத் தெரிந்தால் கதிரும் அதே வழியில்தான் வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி நனைந்துவிட்டால் அதன் காப்பு மேலும் குறைந்துவிடும். தொப்பி அணிவதானால் சுற்றிலும் 7 அல்லது 8 சென்டிமீட்டர் விளிம்பு உள்ளதாக இருக்கட்டும். முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி காதுகளையும் பிடரியையும் வெயிலுக்கே விட்டுவிடுகிறது. குடை நல்லதுதான்; எனினும் மணலிலிருந்தும் நீரிலிருந்தும் பட்டுத் திரும்பும் கதிரைக் குடையால் தடுக்க முடியாது என்பதால் கடற்கரையில் அதை மட்டும் நம்பக் கூடாது.

ஆடை மறைக்காத இடங்களுக்குச் சன்ஸ்கிரீன். இதைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர், யூவி-பி கதிரிலிருந்து எவ்வளவு காக்கும் என்பதைக் காட்டும் எஸ்.பி.எஃப். எண்ணையே பார்க்கிறார்கள். எஸ்.பி.எஃப். 30 சரியான அளவில் பூசப்பட்டால் யூவி-பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது; 50 சுமார் 98 சதவீதத்தைத் தடுக்கிறது. இந்தச் சிறு வேறுபாட்டைவிட முக்கியமானது பூசும் அளவு. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் தடவித்தான் ஆய்வகங்களில் அந்த எண்ணைக் கணிக்கிறார்கள்; நாமோ அதில் பாதிகூடப் பூசுவதில்லை. ஆகவே ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடி முதல் நுனி வரை ஒரு கோடாகப் பிழிந்து கொள்ளுங்கள். அவ்வளவும் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும். வெளியே கிளம்புவதற்கு 15 நிமிடங்கள் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நீந்திய பிறகும், முகத்தைத் துடைத்த பிறகும் அதற்காகக் காத்திராமல் உடனே புதுப்பிக்க வேண்டும். யூவி-ஏ கதிரையும் தடுக்கும் என்ற குறிப்பு உறையில் இருக்கிறதா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

கை தவறவிடும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன: காதின் மேல்மடல், காதுக்குப் பின்புறம், பிடரி, உதடு, தலைமுடியின் வகிடு, புறங்கால். கோடை முடிவில் உங்கள் புறங்காலில் செருப்பு வாரின் தடம் வெளுப்பாகத் தெரிந்தால், அந்த வாரைத் தவிர மற்ற இடம் முழுவதும் காப்பின்றி இருந்தது என்று பொருள்.

எண்ணெய் வழியும் முகத்துக்கு ஜெல் வடிவச் சன்ஸ்கிரீன் பொருந்தும். எளிதில் எரிச்சல் காணும் தோலுக்குத் துத்தநாக ஆக்சைடு கலந்தது பொருந்தும். கன்னத்தில் மங்கு எனப்படும் பழுப்புத் திட்டு உள்ளவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி உண்டு. கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் அந்தத் திட்டைக் கருமையாக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயல் உள்ள சன்ஸ்கிரீனே அவர்களுக்குக் கூடுதல் பயன் தரும். மாநிறத்தவருக்கும் கறுப்புத் தோலினருக்கும் இதெல்லாம் தேவையில்லை என்ற எண்ணம் சரியன்று. தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காக்கிறது, முழுவதும் காப்பதில்லை. ஒருமுறை விழுந்த கருமை நீங்க அத்தகைய தோலில்தான் நாள் அதிகம் பிடிக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் பூசுவதைத் தவிர்த்து, நிழலிலும் மெல்லிய முழுக்கை ஆடையிலும் வைத்துக்கொள்வதே முறை.

டாக்சிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதயசைடு, ஐசோட்ரெட்டினாயின் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களின் தோல் சிறிது வெயிலிலேயே வெந்துவிடக்கூடும். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரெட்டினால் கலந்த கிரீம்களை இரவில் மட்டும் பூசுங்கள்.

தோல் ஏற்கெனவே சிவந்து எரிகிறது என்றால், உடனே நிழலுக்கு வந்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 10 அல்லது 15 நிமிடங்கள் போட்டு வைத்து, ஈரம் இருக்கும்போதே மணமற்ற மாய்ஸ்சரைசரையோ கற்றாழை ஜெல்லையோ தடவுங்கள். பனிக்கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். கொப்புளம் கிளம்பினால் உடைக்காதீர்கள். சிவப்பு மறுநாள்தான் உச்சத்துக்கு வரும் என்பதால், அன்று மாலை பார்த்து ‘இவ்வளவுதானே’ என்று மீண்டும் வெயிலில் இறங்கிவிடக் கூடாது.

கறுப்பைப் போக்க எலுமிச்சைச் சாற்றைத் தேய்க்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எலுமிச்சை இனப் பழங்களில் உள்ள சில வேதிப்பொருள்கள் தோலில் இருக்கும்போது யூவி-ஏ ஒளி பட்டால், தீக்காயம் போன்ற கொப்புளமும், சாறு வழிந்த வடிவத்திலேயே பழுப்புத் தழும்பும் உண்டாகின்றன. அந்தத் தழும்பு மறைய வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். சமையல் சோடாவும் அப்படித்தான்: தோலின் மேற்பரப்பு இயல்பாகவே லேசான அமிலத்தன்மை கொண்டது, காரத்தன்மை கொண்ட சோடா அந்தக் காப்பைக் குலைத்துவிடுகிறது.

வியர்வையும் ஈரமும்

வியர்வை உடலின் நண்பன்; அது ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாள்களில் அது ஆவியாகாமல் தோலிலேயே தேங்கி, தோலை ஊறவைத்து, வியர்வைக் குழாயின் வாயை அடைத்துவிடுகிறது. உள்ளே சுரந்த வியர்வை வெளிவர முடியாமல் தோலுக்குள்ளேயே கசிவதுதான் வேர்க்குரு. கழுத்து மடிப்பு, முதுகு, ஆடையின் இறுக்கமான பட்டை பதியும் இடுப்பு ஆகிய இடங்களில் ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகளாக எழும்பி, முள் குத்துவது போல் உறுத்தும். எண்ணெய், களிம்பு, கனமான கிரீம் ஆகியவற்றைத் தடவினால் அடைப்பு மேலும் இறுகும். குளிர்ந்த இடத்துக்கு மாறுவது, தளர்ந்த உடை, குளிர்ந்த நீர்க் குளியல், அரிப்புக்குக் கலமைன் லோஷன், இவையே போதும். பெரும்பாலும் சில நாள்களில் அடங்கிவிடும். பவுடரை அள்ளிக் கொட்டினால் வியர்வையோடு குழைந்து மடிப்புகளில் கட்டியாகிவிடும். குழந்தைகளுக்கு அதன் தூள் மூச்சில் ஏறும் ஆபத்தும் உண்டு.

வியர்த்த போதெல்லாம் சோப்புப் போட வேண்டியதில்லை. முகத்துக்கு ஒரு நாளில் இரண்டு முறை மென்மையான சோப்போ ஃபேஸ்வாஷோ போதும். இடையில் வெறும் நீரால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் சரி. அளவுக்கு மீறிக் கழுவினால் தோலின் கொழுப்புப் படலம் போய், மேலே எண்ணெயும் உள்ளே வறட்சியுமாக எரிச்சல் காணும். கோடையில் மாய்ஸ்சரைசரே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் தவறு. குளிரூட்டப்பட்ட அறையில் நாள் முழுவதும் இருப்பவர்களின் தோல் நன்றாகவே உலர்ந்துவிடுகிறது. கிளிசரின் கலந்த நீர்த்த லோஷன் அவர்களுக்குப் போதும்.

பூஞ்சைத் தொற்றைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொடை இடுக்கு, அக்குள், மார்பின் கீழ்மடிப்பு ஆகிய இடங்களில், ஓரம் மட்டும் சிவந்து செதிலாக உயர்ந்து, நடுப்பகுதி ஏறத்தாழ இயல்பாகத் தெரியும் வளையம் தோன்றினால் அது பெரும்பாலும் படர்தாமரை. பலர் மருந்துக் கடையில் கேட்டு, ஸ்டீராய்டு கலந்த கிரீமை வாங்கித் தடவுகிறார்கள். ஓரிரு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பும் வெளுக்கும். ஆனால் பூஞ்சை சாகவில்லை. ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை மட்டுமே அடக்கியிருக்கிறது. நிறுத்தியதும் வளையம் முன்னிலும் அகலமாக, உருவம் மாறித் திரும்பி வருகிறது. மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிவிடுகிறது. தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து வரிகள் விழுகின்றன. ஆகவே உறையில் ஸ்டீராய்டின் பெயர் (பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்றவை) இருந்தால் வாங்காதீர்கள். பூஞ்சைக்கு எதிரான மருந்தை, வளையம் மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள் வரை தடவுங்கள். குளித்தபின் மடிப்புகளையும் கால் விரல் இடுக்குகளையும் தனித்தனியாகத் துடைத்து உலர்த்துங்கள். துண்டையும் உள்ளாடையையும் யாருடனும் பகிராதீர்கள். ஈரமான காலுறையை மாற்றாமல் மாலை வரை இருந்தால் இந்த முயற்சியெல்லாம் வீண்.

தேமலும் ஒரு பூஞ்சையின் வேலைதான். ஆனால் அது எல்லோர் தோலிலும் இயல்பாகவே வாழும் பூஞ்சை என்பதால், தேமல் உள்ளவரைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுக்க வேண்டியதில்லை. மருந்தில் பூஞ்சை அழிந்த பிறகும் நிறம் சமன்படச் சில மாதங்கள் ஆகும்.

தலையும் முடியும்

தோல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது, அதற்கு அந்த ஆற்றல் இல்லை. புற ஊதாக் கதிர் முடியின் புரதமான கெரட்டினையும் நிறமியையும் சிதைத்து, நுனியை வறளவும் செம்பட்டையாகவும் ஆக்கிவிட்டால், அதைத் திருப்பிக் கொண்டுவர எந்தச் சீரத்தாலும் முடியாது. மெல்லிய துணியாலோ தொப்பியாலோ மூடிக்கொள்வதே உண்மையான காப்பு. சிதைந்த நுனியை வெட்டிவிடுவதே சிகிச்சை.

தலை வியர்க்கிறது என்றால் அடிக்கடி அலசுவதில் தவறில்லை. மென்மையான ஷாம்பூவைத் தலைத்தோலில் மட்டும் தேய்த்து, நுரை வழிந்து முடியைக் கழுவும்படி விட்டால் போதும். கண்டிஷனரைப் பாதி நீளத்திலிருந்து நுனி வரை மட்டும் பூசுங்கள். எண்ணெயைப் பொறுத்தவரை, தேங்காய் எண்ணெய் முடித் தண்டுக்குள் ஊடுருவி, அலசும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கும். எனவே குளிப்பதற்குச் சற்று முன் முடியின் நீளத்தில் தடவி அலசிவிடுவது பயனுள்ளது. பொடுகு இருக்கும் தலையில் எண்ணெயை ஊறவிடுவதோ பொடுகை வளர்க்கும். ஏனெனில் பொடுகுக்குத் துணைபோகும் பூஞ்சை கொழுப்பை உண்டு வாழ்வது. அதற்குப் பூஞ்சைக்கு எதிரான கீட்டோகோனசோல் கலந்த ஷாம்பூவை 3 முதல் 5 நிமிடங்கள் தலையில் நிறுத்தி அலச வேண்டும். நுரை வந்ததும் கழுவிவிட்டு ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று சொல்வோர் பலர்.

நனைந்த முடி எளிதில் இழுபட்டு அறுந்துவிடும். குளித்த கையோடு இறுக்கிக் கொண்டை போடாமல், பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்து, உலர்ந்த பிறகு கட்டுங்கள். நீச்சல் குளத்தில் இறங்குவதற்கு முன் முடியை நல்ல தண்ணீரில் முழுக்க நனைத்துக்கொண்டால், ஏற்கெனவே நீரை உறிஞ்சிய முடி குளோரின் நீரைக் குறைவாகவே உறிஞ்சும். தலைக்கவசம் அணிபவர்கள் உள்ளே ஒரு பருத்தித் துணியைக் கட்டி, அதை நாள்தோறும் துவைக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. கோடையின் கடைசியில் அது சற்று மிகுவதும் பலருக்கு இயல்பு. இதற்காக அவசரப்பட்டு மாத்திரை வாங்க வேண்டாம். முடி திட்டுத் திட்டாகக் கொட்டினாலோ, தலைத்தோல் சிவந்து சீழ் வைத்தாலோ, உதிர்வு மூன்று மாதங்களைக் கடந்தும் குறையாவிட்டாலோ, தோல் மருத்துவரைப் பாருங்கள். உடலில் ஏதேனும் ஒரு மச்சம் அளவிலோ நிறத்திலோ மாறி வந்தாலும், ஆறாத புண் ஒன்று நாலைந்து வாரங்களாக இருந்தாலும், கோடை முடியட்டும் என்று காத்திராமல் அந்த வாரமே காட்டிவிடுங்கள்.