தேங்காய்ப்பால் குச்சி ஐஸ் பிரியாமல் உறைய

மட்டிப்பழம் (சின்ன வாழைப்பழம்), தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்துப் பிள்ளைகளுக்குக் குச்சி ஐஸ் போட்டால், ஒரு பக்கம் வெள்ளையாகக் கொழுப்பு, மறுபக்கம் கல் மாதிரி ஐஸ். நாலு உறிஞ்சில் இனிப்பெல்லாம் இறங்கி வெறும் பனிக்கட்டிதான் மிஞ்சும். கருப்பட்டியைக் கூட்டினேன், அச்சின் நுனியில் கறுப்பாகத் தேங்கியது. ஃப்ரீசரில் குளிரை ஏற்றியும் பலனில்லை.

கடைசியில் கைகொடுத்தது, நம்ம ஊரில் கைக்குழந்தைக்குக் காய்ச்சும் ஏத்தங்காய்ப் பொடி, அதாவது நேந்திரங்காய் மாவு. ஒரு டம்ளர் இரண்டாம் பாலில் ஒரு ஸ்பூன் கரைத்து, கரண்டியின் முதுகில் விரலால் இழுத்த கோடு அழியாமல் நிற்கும் வரை கிண்டினேன். மாவு தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் பனித்துகள் பெரிதாவதில்லை. நன்றாக ஆறிய அப்புறம்தான் தலைப்பாலும் (முதலில் பிழிந்த கெட்டிப் பால்) மசித்த பழமும்; சூட்டில் ஊற்றினால் திரியும். கருப்பட்டியை உருக்கி வடிகட்டுங்கள், மண் இருக்கும்.