அமெரிக்கன் ஸ்டடீஸ் மைனர்: பாடத்துக்கு முன்னால் கேள்வியைத் தேடுங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸோ உயிரியலோ மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாகப் படிக்கிறீர்கள். கூடவே அந்த நாட்டையும் புரிந்துகொள்ள ஆசை இருந்தால் அமெரிக்கன் ஸ்டடீஸை மைனராக, அதாவது துணைப் பாடமாக எடுக்கலாம். வரலாறு, இலக்கியம், இசை, அரசியல், சமூகவியல் என்று பல துறைகளின் பாடங்களைக் கோத்துப் படிக்கும் மைனர் இது. பெரும்பாலும் 5 அல்லது 6 பாடங்கள் இருக்கும்.

முதல் படி: ஒரு கேள்வி

பாடப் பட்டியலை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். நோட்டில் ஒரு கேள்வி எழுதுங்கள். “அமெரிக்கக் கலாசாரம் என்றால் என்ன?” என்று கேட்டால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. “மிசிசிப்பி மாநிலத்தின் பருத்திக் காட்டுக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை சிகாகோவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?” என்று கேட்டுப் பாருங்கள், பிடி கிடைக்கும்.

இரண்டாம் படி: கேள்வியைத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள், மைனரின் உயிரே இதில்தான் இருக்கிறது.

1910களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கிலும் மேற்கிலும் குடியேறினார்கள். ப்ளூஸும் அவர்களோடுதான் போனது. ஏன் போனார்கள்? நிறத்தின் பேரால் மக்களைப் பிரித்துவைத்த சட்டங்களுக்கு 1896இல் உச்ச நீதிமன்றமே ஒப்புதல் தந்திருந்தது. இதைப் படிக்க அரசியல் துறைக்குப் போக வேண்டும். விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழுதவர்கள் நிலக்காரரிடம் பட்ட கடனிலிருந்து மீள முடியாமல் தவித்ததைப் பொருளாதார வரலாறு சொல்லும். வடக்கே வரச் சொல்லி எழுதிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்ற கறுப்பின மக்களின் பத்திரிகையை ரயில் ஊழியர்கள் தெற்கே கொண்டுபோய்க் கொடுத்தது இதழியல் பாடத்தில் வரும். ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோ போனார். மதுக்கூட இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று எலெக்ட்ரிக் கிதாருக்கு மாறினார். அது இசைத் துறை. இதே இடப்பெயர்வை ஜேக்கப் லாரன்ஸ் 60 ஓவியங்களாக வரைந்து 1941இல் முடித்தார். முதல் ஓவியத்திலேயே ரயில் நிலையத்தில் கூட்டம் முண்டியடிக்கும். அதைப் பார்த்துவிட்டு 1896 தீர்ப்பைப் படித்தால், சட்ட வாசகங்களுக்குப் பின்னால் அந்த மனிதர்கள் தெரிவார்கள். எனக்கு இந்தப் படிப்பின் மேல் பற்று வந்தது இதனால்தான்.

மூன்றாம் படி: பட்டியலும் அட்வைசரும்

இனி பாடப் பட்டியலைத் திறக்கலாம். அறிமுகப் பாடத்தை முதலில் எடுங்கள். மற்றவற்றை உங்கள் கேள்விக்குப் பொருந்துமா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் அட்வைசரிடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: எல்லா மாணவர்களுக்கும் உரிய பொதுக் கல்விக்காக எடுத்த பாடம் மைனருக்கும் கணக்கில் வருமா? எந்தப் பாடம் எந்த செமஸ்டரில் நடக்கும்? இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மைனரைப் பதிவு செய்துவிட்டால் கடைசியில் தவிக்க வேண்டியிருக்காது.

நான்காம் படி: மூல ஆவணங்கள்

சில இடங்களில் இறுதியில் ஆய்வுக் கட்டுரை கேட்பார்கள். அதற்கு இப்போதே பொருள் சேர்க்கலாம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில், 1941இல் சிகாகோவில் கறுப்பின மக்கள் வாழ்ந்த சவுத் சைடு பகுதியில் அரசுப் புகைப்படக்காரர்கள் எடுத்த படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அதில் தெரியும் கடைப் பலகை, உடை, தெரு எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்கு எழுதுங்கள். இன்று மாலையே தொடங்கலாம்.