மாமல்லபுரத்தில் ஊர்ச் சிற்பம் வைக்க விரும்புவோருக்கு

எங்கள் ஊரில் புதிதாக ஒரு பொதுச் சிற்பம் வைக்க வேண்டும் என்று யோசனை கேட்டு வருபவர்களை முதலில் கிருஷ்ண மண்டபத்துக்குத்தான் அனுப்பிவைப்பேன். கோவர்த்தன மலையைத் தாங்கும் கண்ணனை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பால் கறக்கும் ஆளை. அவன் பாட்டுக்குக் குந்தியிருந்து கறக்கிறான். பசு தலையைத் தாழ்த்திக் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் இதைச் செதுக்கியவர் மாட்டுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும். ஊராரின் அன்றாடத்தைக் கல்லில் வைக்கும் வழக்கம் இங்கே அவ்வளவு பழையது. அதைத் தொடருங்கள். பஞ்ச ரதத்தைச் சின்னதாக்கி இன்னொன்று வைக்க வேண்டாம். மூலம் இதே ஊரில் நிற்கிறது.

இடத்தை முடிவுசெய்யாமல் எதையும் தொடங்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி தேவை. பீடத்துக்குக் குழி தோண்டினாலே கட்டுமானம் என்று எடுத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். இங்கே சின்னங்கள் நெருக்கமாக இருப்பதால் ஊரின் பெரும்பகுதி இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். கடற்கரைப் பக்கம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் உண்டு. அலைச்சல்தான். ஆனாலும் இந்த விதிகள் இல்லாவிட்டால் கடற்கரைக் கோயிலைச் சுற்றி இன்று என்னவெல்லாம் முளைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்தது பேச்சு. மண்டபத்தில் கூட்டம் போட்டால் மைக் பிடிக்கத் தெரிந்தவர்கள்தான் பேசுவார்கள். மீனவர்கள் வலை பிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் போய் உட்காருங்கள். கல்பட்டறைகளில், சங்கு மணி விற்கும் பெண்களிடம் கேளுங்கள். மாசி மகத்துக்கு இருளர் குடும்பங்கள் பல ஊர்களிலிருந்து வந்து கடற்கரையில் தங்கி, மணலில் படி கட்டிக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். அங்கேயே பெண் பார்ப்பதும் கல்யாணமும் நடக்கும். அவர்களுக்கும் இது சொந்த ஊர்தான். ஆனால் அவர்களைக் கேட்காமல் அவர்கள் உருவத்தைச் செதுக்குவது தவறு. எது கல்லில் வரலாம், எது வரக் கூடாது என்று அவர்கள் சொல்லட்டும்.

கேட்கும்போது “என்ன சிலை வேண்டும்” என்று கேட்காதீர்கள். கேட்டால் தலைவர் பெயரோ சாமி பெயரோதான் வரும். “உங்கள் கை தினமும் என்ன செய்கிறது” என்று கேளுங்கள். சாமி உருவம் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வைத்த மறுநாளே மஞ்சள் குங்குமம் ஏறும், அடுத்த மாதம் யாருக்கு முதல் மரியாதை என்ற தகராறு வரும்.

கேட்டதை வைத்துக் களிமண்ணில் ஒரு முழ உயரத்துக்கு இரண்டு மூன்று மாதிரிகள் செய்து, பஸ் நிலையம் போன்ற இடத்தில் வையுங்கள். மக்கள் தொட்டுத் திருத்தட்டும். துடுப்புப் பிடிக்கும் கையில் கட்டைவிரல் எந்தப் பக்கம் என்பதை மீனவர் ஒருவர் ஒரே நொடியில் சொல்லிவிடுவார்.

இனி கல். கருங்கல் ஒரு கன அடி ஏறக்குறைய 75 கிலோ. ஆறடி உயரம், மூன்றடிக்கு மூன்றடி என்றால் நான்கு டன். கிரேன் வந்து திரும்ப வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாங்கும் முன் சுத்தியால் தட்டுங்கள். மணி போல் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல் இருக்கலாம். மேலே தண்ணீர் ஊற்றிக் காய விடுங்கள். மற்ற இடமெல்லாம் உலர்ந்தபின் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள்.

செங்காவியால் கோடு போட்டு, மக்கள் பார்க்கிற இடத்திலேயே செதுக்குங்கள். மெஷின் வைத்து அறுக்கும்போது மட்டும் தடுப்பு கட்டி, தண்ணீர் விட்டு, தூசியை வடிகட்டும் முகமூடியோடு அறுக்க வேண்டும். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. கல்தூசி நுரையீரலை அழிக்கும், போன நுரையீரல் திரும்பாது. குழந்தைகள் கை எட்டும் உயரத்தில் கூர்முனை எதையும் விடாதீர்கள். நுணுக்கமான வேலையை அந்த உயரத்தில்தான் வையுங்கள், தடவிப் பார்க்கத்தானே போகிறார்கள்.

நிறுத்தும்போது சாதாரண இரும்புக் கம்பியால் பிணைக்கக் கூடாது. உப்புக் காற்றில் இரும்பு துருவேறிப் பருத்துக் கல்லையே பிளந்துவிடும். கடல் காற்றுக்குத் தாங்கும் 316 தர ஸ்டெயின்லெஸ் கம்பியைக் கேட்டு வாங்குங்கள். அடியில் மணல் என்பதால் அஸ்திவாரத்தைப் பொறியாளர் ஒருவர் கணக்குப் போட்டுத் தரட்டும்.

கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயருக்கு முன்னால், செதுக்கியவர்கள் அனைவரின் பெயரும் வர வேண்டும். பல்லவர் காலச் சிற்பிகள் பெரும்பாலோர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இனியாவது அப்படி ஆக வேண்டாம்.

பராமரிப்பை உள்ளாட்சி அமைப்புடன் எழுத்தில் ஒப்பந்தமாக்குங்கள். நல்ல தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு கழுவினால் போதும். பெயின்ட், வார்னிஷ், ஆசிட் மூன்றும் கூடாது என்று அதிலேயே குறிப்பிட்டுவிடுங்கள்.