பழைய பென் டேப்லெட்டைப் புதிய கணினியில் இயக்குவது

2004-இல் வெளிவந்த வாகாம் இன்ட்யூவோஸ்3 போன்ற பென் டேப்லெட்டுகள் (பேனாவால் வரைவதைக் கணினித் திரைக்கு அனுப்பும் பலகைகள்) இன்று பாதி விலைக்கும் கீழே கைமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் பழுதன்று. அவற்றைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளைப் புதுப்பிப்பதைத் தயாரித்தவர்கள் நிறுத்திவிட்டதுதான். இவற்றின் பேனாவில் பேட்டரி கிடையாது. பலகைக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் உண்டாக்கும் மின்காந்தப் புலத்திலிருந்தே பேனா தனக்கு வேண்டிய ஆற்றலை எடுத்துக்கொள்வதால், நிப் எனப்படும் பேனா முனையையும் கேபிளையும் தவிரத் தேய்வதற்கு அதிகம் எதுவும் இல்லை.

வாங்கும்போது பலகையின் அடிப்புறத்தில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வது இன்ட்யூவோஸ்3 வரிசையின் பிடிஇசட்-630 (PTZ-630). இதில் வாகாமின் வேறு வரிசைகளான கிராஃபயர், பேம்பூ ஆகியவற்றின் பேனாக்கள் வேலை செய்யா. ஆகவே பேனா இல்லாத பலகை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கேபிள் பலகையோடு சேர்ந்தே இருப்பதால், அது உள்ளே நுழையும் இடத்தில் மெதுவாக வளைத்து, பலகையின் விளக்கு அணைந்து எரிகிறதா என்று பாருங்கள்.

டிரைவரைத் தேடுவதற்கு முன், லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, எதையும் நிறுவாமல் டேப்லெட்டைச் செருகிப் பார்க்கும்படி சொல்வேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இதற்கான டிரைவர் இருப்பதால், அங்கே சுட்டி பேனாவோடு நகர்ந்தால் கருவி நலமாக இருக்கிறது என்று பொருள். இனிப் போராட வேண்டியது விண்டோஸோடு மட்டுமே. லினக்ஸிலேயே வரையத் தயாராக இருப்பவருக்கு வேலை இத்துடன் முடிந்தது.

விண்டோஸில் பலரும் செய்யும் தவறு, இருப்பதிலேயே புதிய டிரைவரை நிறுவுவது. அது இன்ட்யூவோஸ்3-ஐ அடையாளம் காணாது. ஏற்கெனவே உள்ள டேப்லெட் டிரைவர்கள் அனைத்தையும் நீக்கி, கணினியை மறுபடி தொடங்கி, டேப்லெட்டைச் செருகிய நிலையில் வாகாம் டிரைவரின் 6.3.15-3 பதிப்பை நிறுவுங்கள். பேனா நகர்ந்தும் அழுத்தத்திற்கு ஏற்பக் கோடு தடிக்கவில்லையென்றால், டேப்லெட் அமைப்பில் உள்ள விண்டோஸ் இங்க் தேர்வும், கிரிட்டா என்ற வரையும் மென்பொருளின் டேப்லெட் அமைப்பில் உள்ள விண்டேப் தேர்வும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா என்று பாருங்கள். இவை பேனாவின் அழுத்தத்தை மென்பொருளுக்குச் சொல்லும் இரு வேறு முறைகள்; இரண்டு இடத்திலும் ஒரே முறை இருக்க வேண்டும். கோட்டின் தொடக்கத்தில் சிறு வட்டம் தோன்றிக் கை தடைப்பட்டால், அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் ஆகும் வசதியை அணைத்துவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வசப்படாவிட்டால், திறந்த மூல மென்பொருளான ஓப்பன்டேப்லெட்டிரைவரை முயலலாம்; விண்டோஸில் அழுத்தம் வேலை செய்ய அதற்குத் தனியாக ஒரு இணைப்பு நிரல் தேவைப்படும்.

கடைசியாக ஒன்றைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். இந்தப் பலகையின் வரையும் பரப்பு சுமார் 203 மில்லிமீட்டர் அகலமும் 152 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட பழைய 4:3 வடிவம். இன்றைய திரைகளோ பெரும்பாலும் 16:9. பலகையின் மேல் ஒரு நாணயத்தை வைத்து அதன் விளிம்பையொட்டிப் பேனாவை ஓட்டினால், திரையில் வட்டத்திற்குப் பதிலாகப் படுத்த முட்டை தெரியும். விகிதத்தைக் காக்கும் தேர்வை டேப்லெட் அமைப்பில் இயக்கினால் பலகையின் உயரத்தில் 38 மில்லிமீட்டர் பயன்படாமல் போகும். அதற்குப் பதிலாக நாணயம் நாணயமாகவே விழும்.